நனைந்த தானியமும் சூடேறும் கைபேசியும்

நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் ஃபிக்ஹு நூல்கள், வணக்க வழிபாடுகள் பற்றிய பகுதியை முடித்ததும் 'கிதாபுல் புயூஃ' என்னும் வணிகப் பகுதியைத் தொடங்குகின்றன. அதில் இடம்பெறும் எடுத்துக்காட்டுகள் ஒட்டகம், ஆடு, பேரீச்சம்பழம், துணி, அடிமை என்பனவாகவே இருக்கின்றன. இவை கடந்த காலத்துச் செய்திகள், இக்காலச் சந்தைக்கு இவற்றால் பயனில்லை என்று மாணவர் சிலர் கருதுவதுண்டு. படித்த பெரியவர்களிலும் அவ்வாறு நினைப்போர் உளர். அக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை நம் மாநிலத்திலேயே நிகழ்ந்த ஒரு செய்தியை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூர் நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூர் அமைந்துள்ளது. அங்கிருந்து ஒரகடம் வரை நீளும் நிலப்பகுதி இன்று இந்தியாவின் முதன்மையான உற்பத்திக் களங்களுள் ஒன்று. ஒருபுறம் மகிழுந்துகளும் சரக்குந்துகளும் மோட்டார் சைக்கிள்களும் உருவாகின்றன. மறுபுறம் கைபேசிகளும் வீட்டு மின்கருவிகளும் உருவாகின்றன. 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நோக்கியா நிறுவனம் இங்கே கைபேசி உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர், அவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள், அங்கே பணியாற்றினர். வரி வழக்கும் நிறுவனத்தின் வீழ்ச்சியும் சேர்ந்து 2014 நவம்பர் முதல் நாள் அத்தொழிற்சாலையில் உற்பத்தியை நிறுத்தின. பின்னர் இதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் நிறுவனம் 2019 முதல் ஆப்பிளின் ஐபோன்களைச் செய்து வருகிறது. எனவே கைபேசியில் குறை தோன்றினால் அதை விற்றவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்னும் வினா நமக்கு அயலூர் வினா அன்று.

ஒரு மின்கலம் எழுப்பிய அச்சம்

2007 ஆகஸ்ட் 14 அன்று நோக்கியா ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 'பிஎல்-5சி' என்னும் மின்கலம் அக்காலத்தில் அந்நிறுவனத்தின் மிகப்பல கைபேசிகளில் பயன்பட்டது. ஏழை எளியோர் கையிலிருந்த 1100 வகைக் கைபேசியிலும் அதுவே இருந்தது. பல நிறுவனங்கள் அதைச் செய்து நோக்கியாவுக்கு வழங்கின. அவற்றுள் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை செய்த 4 கோடியே 60 லட்சம் மின்கலங்களில், மின்னேற்றும்போது உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டு மின்கலம் மிகையாகச் சூடேறக்கூடும் என்றும், உலகெங்கும் ஏறத்தாழ 100 நிகழ்வுகள் பதிவாகியுள்ளன என்றும், கடுமையான காயமோ சொத்திழப்போ நிகழவில்லை என்றும் அவ்வறிவிப்பு கூறியது. மின்கலத்தின் பின்புறமுள்ள 26 இலக்க எண்ணைச் சரிபார்த்து, அது குறிப்பிட்ட தொகுதியைச் சேர்ந்ததாயின் விலையின்றி மாற்றிக்கொள்ளலாம் என்றும் தெரிவித்தது.

நம் நாட்டில் அதன் விளைவு பெரிதாக இருந்தது. கைபேசி வெடிக்கும் என்னும் செய்தி பரவிச் சேவை மையங்களின் வாசலில் கூட்டம் திரண்டது. எண்ணைச் சரிபார்க்கத் தெரியாதோரும், 'பிஎல்-5சி' என்ற பெயரைக் கண்டாலே அஞ்சியோரும் பலர். குறையுள்ள தொகுதி ஒன்று; அப்பெயர் தாங்கிய மின்கலங்களோ மொத்தம் 30 கோடிக்கும் மேற்பட்டவை.

அன்று எழுந்த விவாதம் இன்றுவரை ஓயவில்லை. நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னது நன்று என்றனர் சிலர். இது திரும்பப் பெறுதல் அன்று, வெறும் அறிவுரை; வாங்கியவரே எண் பார்த்து, வரிசையில் நின்று, காத்திருக்க வேண்டியுள்ளது என்றனர் வேறு சிலர். முன்கூட்டிச் சொல்வதால் வீண் பீதியே விளைகிறது என்று வாதிட்டோரும் உண்டு. இம்மூன்று கருத்துகளையும் நம் ஃபுகஹாக்களின் முன் வைத்தால் அவர்கள் என்ன கூறுவார்கள்?

குறை என்பது யாது?

வாங்கிய பொருளில் குறை காணப்பட்டால் ஒப்பந்தத்தை முறிக்கவோ நிலைநிறுத்தவோ வாங்கியவருக்குள்ள உரிமையை 'கியாருல் அய்ப்' என்பர். எது குறை என்பதற்கு ஃபுகஹாக்கள் அளிக்கும் அளவுகோல் மிகத் தெளிவானது: அத்தொழிலை அறிந்த வணிகரிடத்தும் வல்லுநரிடத்தும் பொருளின் விலையைக் குறைப்பது எதுவோ அது குறை. 1869 முதல் 1876 வரை உஸ்மானிய அரசு தொகுத்து வெளியிட்ட 'மஜல்லா' என்னும் ஹனஃபி உரிமையியல் தொகுப்பும் தன் 338ஆம் பிரிவில் இதையே கூறுகிறது. விற்பவரின் எண்ணமும் வாங்குபவரின் மனக்குறையும் இங்கே அளவுகோல் ஆவதில்லை. துறையறிந்தோர் என்ன சொல்கின்றனர் என்பதே அளவுகோல். எனவே கைபேசியின் குறையைப் பொறியாளரும் பழுதுநீக்குவோரும் சந்தை வணிகருமே தீர்மானிக்க முடியும். நிறுவனத்தின் விளம்பரத் துறை அதைத் தீர்மானிக்க முடியாது.

குறை எப்போது இருந்திருக்க வேண்டும் என்பது அடுத்த வினா. பொருள் வாங்கியவரின் கைக்கு வரும் முன்னரே அது இருந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. கைக்கு வந்தபின் விழுந்து உடைந்ததற்கும் நீரில் நனைந்ததற்கும் விற்றவர் பொறுப்பல்லர். ஆனால் மின்கலம் வாங்கிய அன்று நன்றாக இயங்கி, ஆறு மாதம் கழித்துச் சூடேறினால் அது முந்தைய குறையா, பிந்தைய குறையா?

இதற்கு ஷாஃபிஈ நூல்கள் நுட்பமான விடை தருகின்றன. விளைவு வாங்கியவரின் கையில் தோன்றியிருந்தாலும், அவ்விளைவுக்கான காரணம் முன்னரே நிகழ்ந்ததாயின், வாங்கியவர் அதை அறியாதிருந்தால், திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்பதே வலுவான கருத்தாகும். தொழிற்சாலையில் மின்கலத்தினுள் நேர்ந்த பிழை இவ்வகையைச் சேர்ந்ததே. தீ இன்று தோன்றுகிறது; அதன் காரணம் உற்பத்தி நாளிலேயே உள்ளே அமர்ந்துவிட்டது. லித்தியம் மின்கலத்தை அறியாத அறிஞர்கள் வகுத்த விதி அதற்கு இவ்வளவு பொருந்துவது, அவர்கள் பொருளைக் கடந்து காரண காரியத்தையே நோக்கினார்கள் என்பதைக் காட்டுகிறது.

குறை வேறு, மறைத்தல் வேறு

இறைத்தூதர் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்கையில் அதனுள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என வினவியபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா எனக் கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். அபூ ஹுரைரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றிக் காணவேண்டிய ஒன்று உண்டு. தானியத்தை நனைத்தவர் அவ்வணிகர் அல்லர், மழை. நனைந்ததற்காக அவர் கண்டிக்கப்படவும் இல்லை. நனைந்ததை அடியில் வைத்ததே கண்டிக்கப்பட்டது. அதாவது, குறை நேர்வது ஒன்று. குறையை மறைப்பது மற்றொன்று. ஃபுகஹாக்கள் இவ்விரண்டையும் பிரித்தே சட்டம் வகுத்தனர். விற்றவர் அறியாதிருந்தாலும் வாங்கியவரின் உரிமை போகாது. பொருளைத் திரும்பப் பெற்று விலையைக் கொடுக்க வேண்டும். ஆனால் அவர் மீது பாவம் இல்லை. அறிந்து மறைத்தாலோ பொருட்பொறுப்போடு பாவமும் சேருகிறது. குறையுள்ள பொருளை அக்குறையைத் தெளிவுபடுத்தாமல் தம் சகோதரருக்கு விற்பது முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என்னும் கருத்துடைய ஹதீஸ், உக்பா இப்னு ஆமிர் (ரலி) வாயிலாக இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் அவர்களது வணிகத்தில் பரக்கத் உண்டாகும், மறைத்துப் பொய்யுரைத்தால் அது அழிக்கப்படும் என்னும் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிப்பும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

மேலும், குறையை அறிந்திருப்பவர் விற்பவராக இல்லாவிடினும், வாங்க வருபவரிடம் அதைச் சொல்வது அவர்மீதும் கடமை என்று ஷாஃபிஈ ஃபுகஹாக்கள் கூறுவர். தொழிற்கூடத்தில் ஒரு தொகுதி சரியில்லை என்று காணும் பரிசோதகரும் மேற்பார்வையாளரும் இக்கடமைக்கு உட்பட்டவர்களே. முதலாளியிடம் முறையாக எடுத்துரைப்பது அக்கடமையின் முதற்படி. அவ்வாறு எடுத்துரைப்பவரைத் தண்டிக்கும் நிறுவனம், தன் தானியக் குவியலின் அடியை எவரும் தொட்டுப் பார்க்கலாகாது என்று சட்டம் இடுவது போன்றதாகும்.

இந்நோக்கில் 2007ஆம் ஆண்டின் அறிவிப்பு ஈரத்தை மேலே எடுத்து வைத்த செயலே. தொகுதி, காலம், எண்ணிக்கை, ஆபத்தின் தன்மை, மாற்றுவழி ஆகிய ஐந்தும் அதில் இருந்தன. பீதி விளைந்தது உண்மையே. எனினும் பீதிக்குக் காரணம் உண்மையைச் சொன்னது அன்று. எளிய மக்களுக்கு அவர்கள் மொழியில், அவர்கள் புரிந்துகொள்ளும் வகையில் அது சென்று சேராததே காரணம். 26 இலக்க எண்ணைப் படித்து இணையத்தில் சரிபார்க்கும்படி கூறுவது, 1100 வகைக் கைபேசி வைத்திருந்த கூலித் தொழிலாளிக்குத் தெளிவுபடுத்தியதாக ஆகுமா? ஹதீஸில் உள்ள 'பயான்' என்னும் சொல்லின் பொருள் கேட்பவருக்கு விளங்கும்படி எடுத்துரைத்தல் என்பதாகும். வெறும் அறிவிப்பு அக்கடமையை முழுமையாக நிறைவேற்றாது.

விரைவும் ஆய்வும்

மறைக்காமல் சொன்னால் மட்டும் போதுமா? 2016 ஆகஸ்டில் சாம்சங் நிறுவனம் தன் கேலக்ஸி நோட் 7 கைபேசியை வெளியிட்டது. சில நாள்களிலேயே சில கருவிகள் தீப்பற்றின. செப்டம்பர் 2 அன்று ஏறத்தாழ 25 லட்சம் கருவிகளைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்தது. மின்கலம் வழங்கிய இரு நிறுவனங்களுள் ஒன்றினது மட்டுமே பழுது என்று கருதி, மற்றதன் மின்கலம் பொருத்திய கருவிகளை மாற்றாக அளித்தது. அவையும் தீப்பற்றின. அக்டோபர் 11 அன்று அவ்வகைக் கைபேசியின் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. நம் நாட்டில் அது விற்பனைக்கே வரவில்லை. எனினும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தோர் அதை விமானத்தில் பயன்படுத்த இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் தடை விதித்தது.

2017 ஜனவரி 23 அன்று ஆய்வு முடிவு வெளியாயிற்று. 700க்கு மேற்பட்ட பொறியாளர்கள் 2 லட்சம் கருவிகளையும் 30 ஆயிரம் மின்கலங்களையும் சோதித்ததாக நிறுவனம் கூறியது. முதல் வகை மின்கலத்தின் மேல்மூலையில் உறை இடம் தராமையால் எதிர்மின் தகடு வளைந்திருந்தது. இரண்டாம் வகையில் பற்றவைப்பின் கூர்முனைகள் உள்ளே குறுக்குச்சுற்றை உண்டாக்கின. ஒரே தீ, இருவேறு காரணங்கள்.

முதல் அறிவிப்பில் வஞ்சகம் இருந்ததாகக் கூற முடியாது. விரைவு இருந்தது, உறுதி இல்லை. வந்த செய்தியைத் தீர ஆராயாமல் செயற்பட்டு, அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்தாதீர்கள் என்னும் கருத்தைக் குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 6ஆம் வசனம் போதிக்கிறது. ஆபத்து உண்டு எனத் தெரிந்தவுடன் பயன்பாட்டை நிறுத்தச் சொல்வது உடனடிக் கடமை. காரணம் இன்னது, மாற்று இன்னது என்று உறுதி கூறுவது ஆய்வுக்குப் பின்னரே செய்யத்தக்கது. இவ்விரண்டையும் ஒன்றாக்கியதே அங்கு நேர்ந்த பிழை. ஆய்வு முடியும்வரை வாய் திறக்கமாட்டோம் என்று சொல்வோருக்கும் இப்பாகுபாடே விடையாகும்.

விற்ற பின்னும் நீளும் கை

பழைய நூல்களில் பொருளை ஒப்படைத்ததும் விற்றவரின் கை விலகிவிடும். இன்றைய திறன்பேசியிலோ விற்றவரின் கை விலகுவதே இல்லை. மென்பொருள் புதுப்பித்தல் என்னும் பெயரால் அது நம் சட்டைப்பைக்குள் நீண்டுகொண்டே இருக்கிறது. இதனால் இருவகை நிலைகள் தோன்றுகின்றன.

முதல் நிலைக்கு எடுத்துக்காட்டு 2017ஆம் ஆண்டு ஐபோன் விவகாரம். பழைய மின்கலம் தளர்ந்த கருவிகள் திடீரென அணைந்துவிடாதிருக்க, அவற்றின் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாட்டை ஆப்பிள் அவ்வாண்டுத் தொடக்கத்தில் மென்பொருள் வழியாகச் செய்தது. கருவி மெதுவாவதன் காரணம் அதை வைத்திருந்தோருக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. மின்கலத்தை மாற்றினால் போதும் என அறியாது புதிய கைபேசி வாங்கியோரும் இருந்தனர். டிசம்பரில் வெளியார் ஆய்வு ஒன்று ஐயத்தை எழுப்பியபின் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு, வருத்தம் தெரிவித்து, மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது; இந்தியாவில் அது 6,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாயிற்று. 2018இல் இத்தாலியும் 2020இல் பிரான்சும் தண்டம் விதித்தன. அமெரிக்க வழக்கொன்றில் 50 கோடி டாலர் வரை வழங்க நிறுவனம் உடன்பட்டது.

மின்கலம் முதுமையடைவது இயற்கை. வாங்கியவர் கையில் நிகழும் தேய்வு 'அய்பு' ஆகாது. எனவே இங்கே கியாருல் அய்ப் எழுவதில்லை எனலாம். ஆனால் பிறருக்கு உடைமையாகிவிட்ட பொருளில், உடையவரின் அனுமதியின்றி மாற்றம் செய்வது தனியொரு வினா. பிறர் உடைமையில் அவர் இசைவின்றிக் கைவைத்தல் கூடாது என்பது ஃபிக்ஹின் உறுதியான அடிப்படை. செய்த மாற்றம் நன்மைக்கே ஆயினும், சொல்லிச் செய்வதற்கும் சொல்லாமல் செய்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இரண்டாம் நிலைக்கு எடுத்துக்காட்டு 2023ஆம் ஆண்டு ஐபோன் 15. திருப்பெரும்புதூரில் உருவான கருவிகள் வெளியீட்டு நாளிலேயே கடைகளுக்கு வந்த வகை அது. கருவி மிகையாகச் சூடேறுவதாகப் பல நாடுகளிலிருந்து முறையீடுகள் எழுந்தன. இயங்குதளத்தில் ஒரு பிழையும், சில செயலிகளின் புதிய வடிவங்களும், புதிய கருவியை அமைக்கும் தொடக்க நாள்களின் பணிச்சுமையும் காரணங்கள் என்று கூறிய ஆப்பிள், அக்டோபர் 4 அன்று ஐஓஎஸ் 17.0.3 என்னும் திருத்தத்தை வெளியிட்டது. வாங்கியவருக்கு இழப்போ குறிப்பிடத்தக்க காத்திருப்போ இன்றி விற்றவர் விரைவில் நீக்கிவிடக்கூடிய குறைக்காக ஒப்பந்தத்தை முறிக்கத் தேவையில்லை என்னும் ஷாஃபிஈ விளக்கத்தை இங்குப் பொருத்திப் பார்க்கலாம். விற்றவரின் நீண்ட கை இங்கே குறை நீக்கப் பயன்பட்டது. நீக்குவது இன்னது என்றும் சொல்லப்பட்டது. ஒரே கருவி, ஒரே வழி. சொல்வதும் சொல்லாமையுமே இரண்டையும் பிரிக்கின்றன.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது'

நம் கடைத்தெருக்களின் ரசீதுகளில் காணப்படும் இவ்வாசகம் ஃபிக்ஹில் 'பராஅத்' எனப்படும் நிபந்தனையை ஒத்தது. எக்குறைக்கும் நான் பொறுப்பில்லை என்று சொல்லி விற்பதே அது. ஹனஃபிகள் இதைச் செல்லுபடியாகும் எனக் கொள்வர். ஷாஃபிஈகளோ, உயிருள்ள விலங்கில் விற்பவரும் அறியாத உட்குறைக்கு மட்டுமே அது செல்லும் என்றும், ஏனைய பொருள்களில் செல்லாது என்றும் வரையறுப்பர். கடலோர ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டில் ஹனஃபிகளும் மிகுந்து வாழும் நம் சமூகத்தில் இவ்வேறுபாடு அறியத்தக்கது.

எனினும், ஹனஃபி வணிகர் இதைக் கேடயமாகக் கொள்ளுமுன் ஒரு வரலாற்றை நினைவுகூர வேண்டும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் அது இடம்பெற்றுள்ளது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் பராஅத் நிபந்தனையுடன் ஓர் அடிமையை 800 திர்ஹமுக்கு விற்றார்கள். வாங்கியவர் குறை கண்டு கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் வழக்குரைத்தார். அக்குறையை அறியாமலே விற்றதாகச் சத்தியம் செய்யும்படி கலீஃபா பணித்தார்கள். இப்னு உமர் (ரலி) சத்தியம் செய்ய மறுத்து அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பின்னர் அதே அடிமையை 1,500 திர்ஹமுக்கு விற்றார்கள். நிபந்தனை வாசகம் இருந்தும், அறிந்திருந்தீரா என்னும் கேள்வியே தீர்ப்பின் மையமாக அமைந்தது.

ஹனஃபி மத்ஹபின் இமாமாகிய அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் வாழ்வே மற்றொரு சான்று. துணி வணிகத்தில் அவர்களது கூட்டாளியாக இருந்த ஹஃப்ஸ், குறையுள்ள துணி ஒன்றை அதைச் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரெனத் தெரியவில்லை. இமாமவர்கள் அதன் விலை முழுவதையும் தருமம் செய்துவிட்டார்கள். சட்டம் அனுமதிக்கும் எல்லை ஒன்று; தக்வா நாடும் எல்லை மற்றொன்று.

பயன்படுத்தியதற்குக் கழிவு உண்டா?

குறையுள்ள கருவியைத் திருப்பும்போது, இத்தனை மாதம் பயன்படுத்தினீர்களே என்று விலையில் ஒரு பகுதியைக் கழிக்க முற்படுவது வழக்கம். இதே வாதம் இறைத்தூதர் (ஸல்) அவர்களின் முன்னிலையிலும் எழுந்தது. ஒருவர் வாங்கிய அடிமையிடம் பணிபெற்று, பின்னர் பழைய குறை கண்டு திருப்பினார். அவர் பணிபெற்றுவிட்டாரே என்று விற்றவர் முறையிட்டார். அழிவின் பொறுப்பு எவரைச் சார்ந்ததோ பயனும் அவருக்கே உரியது என்னும் கருத்தில் தீர்ப்பு அமைந்தது. ஆயிஷா (ரலி) அறிவிப்பாக அபூ தாவூதும் திர்மிதியும் இதைப் பதிவு செய்துள்ளனர். அக்கைபேசி அந்நாள்களில் தொலைந்திருந்தால் இழப்பு வாங்கியவருக்கே அல்லவா? இழப்பைச் சுமந்தவருக்குப் பயனும் உரியதே.

வாங்கியவருக்கும் கடமைகள் உண்டு. குறை தெரிந்தவுடன் காலந்தாழ்த்தாது தெரிவிக்க வேண்டும் என்பர் ஷாஃபிஈகள். ஹனஃபிகள் தாமதத்தை அனுமதிப்பினும், குறையறிந்த பின்னும் உடையவர் போல் பயன்படுத்துவது இசைவின் அடையாளம் என்பர். தம் கையில் வேறொரு பழுதையும் உண்டாக்கியவர் பொருளைக் கட்டாயப்படுத்தித் திருப்ப முடியாது. பழைய குறைக்குரிய விலை வேறுபாட்டை, அதாவது 'அர்ஷ்' எனப்படும் ஈட்டுத்தொகையை, பெறலாம். நீரில் விழுந்த கருவியைத் தொழிற்சாலைக் குறை என்று சொல்லி மாற்றிக்கொள்வதும் ஏமாற்றே. எச்சரிக்கை விற்பவருக்கு மட்டும் உரியதன்று.

கடைக்காரர் எங்கே நிற்கிறார்?

கைபேசிக் கடைகள் நடத்துவோரில் நம் சமூகத்து இளைஞர் பலர் உளர். குறையோடு வருபவரிடம், சேவை மையத்துக்குச் செல்லுங்கள், எங்களுக்கு இதில் தொடர்பில்லை என்று கூறுவது அவர்களது வழக்கமாகிவிட்டது. ஃபிக்ஹின்படி ஒப்பந்தம் நிகழ்ந்தது கடைக்காரரோடு. எனவே உரிமையும் முதலில் அவர்மீதே எழுகிறது; அவர் தமக்கு விற்றவரிடமும், அவர் உற்பத்தியாளரிடமும் செல்லலாம். சங்கிலியின் கடைசிக் கண்ணியாகிய வாங்கியவரே சங்கிலி முழுவதையும் தேடி அலைய வேண்டும் என்பது நீதியன்று. சிறு கடைக்காரருக்கு இது பெருஞ்சுமை என்பதை நாம் மறுக்கவில்லை. குறைந்த இலாபத்தில் விற்கும் அவரிடம் நிறுவனங்கள் பொருளைத் திரும்பப் பெற மறுக்கும்போது அவரும் அநீதிக்குள்ளானவரே. அவ்விடத்தில் அவரால் ஆவது, முறையீட்டைத் தாமே ஏற்று எழுத்து மூலம் மேலே அனுப்புவதும், ஒருவகைக் கருவி திரும்பத் திரும்பப் பழுதாகி வருவதை அறிந்தால் அடுத்து வாங்க வருபவரிடம் சொல்வதுமாகும். ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) தம் பொருளின் குறையை வாங்குபவருக்கு எடுத்துக்காட்டியபின்பே விருப்பம் கேட்பார்கள். இப்படிச் செய்தால் வணிகம் நடவாதே என்றோரிடம், ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நன்மை நாடுவதாக இறைத்தூதரிடம் உறுதிமொழி அளித்துள்ளோம் என்ற பொருள்பட விடையளித்தார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் பொருளீட்டும் ஒழுக்கங்கள் பற்றிய பகுதியில் இதை எடுத்துரைக்கிறார்கள்.

நாட்டின் சட்டம்

1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாற்றாக 2019இல் இயற்றப்பட்டு, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இக்கருத்துகள் பலவற்றோடு நெருங்கி வருகிறது. குறையுள்ள பொருளால் விளையும் தீங்குக்கு உற்பத்தியாளர், விற்பனையாளர், சேவையளிப்போர் ஆகியோரின் பொறுப்பை அது தனித்தனியே வரையறுக்கிறது. ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாள்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. ஆபத்தான பொருள்களைத் திரும்பப் பெறும்படி ஆணையிடும் அதிகாரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு வழங்கியுள்ளது. ஒரகடத்தில் உருவாகும் வாகனங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் தனியொரு திரும்பப்பெறும் விதியை வகுத்துள்ளது. 2007இல் நோக்கியாவின் அறிவிப்பு வெளிவந்தபோது இவ்விரண்டு ஏற்பாடுகளும் இல்லை. அந்நிறுவனம் தானே முன்வந்ததை மட்டுமே மக்கள் நம்பியிருக்க வேண்டியிருந்தது.

இஸ்லாமிய நகரங்களில் இப்பணியைச் செய்தவர் 'முஹ்தஸிப்'. முறையீடு வரும்வரை காத்திராமல் தாமே சந்தைக்குச் சென்று அளவையும் கலப்படத்தையும் சோதிப்பது அவர் கடமை. இமாம் மாவர்தீ (ரஹ்) அவர் கடமைகளுள் மற்றொன்றையும் சேர்க்கிறார்கள்: ஊழியர்மீது அவர்கள் தாங்காத சுமையைச் சுமத்தும் எசமானரைத் தடுத்தல். 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர் ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியில் உணவு நஞ்சாகிப் பெண்கள் பலர் நோயுற்றதும், சாலை மறியல் நிகழ்ந்ததும், உற்பத்தி நின்று 2022 ஜனவரியில் மீண்டும் தொடங்கியதும் யாவரும் அறிந்தவை. விடுதியின் குறை கைபேசியில் தெரியாது, விலையையும் குறைக்காது. ஆயினும் அதுவும் குவியலின் அடியில் மறைந்த ஈரமே. பெண்கள் சாலைக்கு வந்த பின்னரே அது உலகின் கண்ணில் பட்டது.

முடிவுரை

குறையற்ற பொருளைச் செய்வது மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. ஷரீஅத் அதை எவரிடமும் கேட்கவில்லை. அறிந்ததைச் சொல்லுதல், ஆபத்தைத் தடுத்தல், வாங்கியவரின் உரிமையைத் தடையின்றி வழங்கல் ஆகிய மூன்றையே கேட்கிறது. இம்மூன்றையும் எடைபோட, ஒரு நிறுவனத்தின் அறிவிப்பு வெளிவரும்போதெல்லாம் நாம் கேட்கத்தக்க கேள்விகள் சில: எப்போது அறிந்தார்கள்? எப்போது சொன்னார்கள்? யாருக்கு விளங்கும்படி சொன்னார்கள்? திருத்தும் செலவையும் அலைச்சலையும் யார் சுமந்தார்கள்?

ஷுஐப் (அலை) அவர்கள் தம் சமூகத்தாருக்கு இறைவழிபாட்டை அடுத்து அறிவுறுத்தியது, அளவையும் நிறுவையையும் முழுமையாக்குங்கள், மக்களுக்குரிய பொருள்களைக் குறைத்துவிடாதீர்கள் என்பதாகும். குர்ஆன் இதைப் பல இடங்களில் எடுத்துரைக்கிறது. கிதாபுல் புயூஃ ஓதும் மாணவர் ஒட்டகத்தின் இடத்தில் கைபேசியை வைத்துப் படிக்கட்டும். கடையில் அமர்ந்திருக்கும் அவருடைய சகோதரர் அப்பாடத்தை அவரிடமிருந்து கேட்டுத் தம் ரசீதின் வாசகத்தைத் திருத்தட்டும். வாய்மையான வணிகத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் எளிதாக்குவானாக! ஆமீன்.